எஃப்.டி.எஸ்.5 தேடல்: தலைப்புக்கு எடை கூட்டியும் தீராத கடுப்பு

பண்டாரவளையில் பாடசாலை நூலகம் பார்க்கும் நண்பர் கேட்டிருந்தார்: "எஸ்கியூலைட்டுக்குள்ளேயே தேடல் இருக்குதாமே, நம்பிப் போடலாமா?" அவர் கேட்டது, எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தோடு வரும் எஃப்.டி.எஸ்.5 தேடலை. ஹட்டனில் எங்கள் வாசிப்பு நிலையத்துப் பட்டியல் சில வருடங்களாக அதில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒரே சொல்லில் பதில் சொல்ல வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனி சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பு. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பழைய மடிக்கணினியில் கேட்ட கையோடு பதில் வரும். பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருக்கும் சொல்லுக்கு அது மதிப்பே கொடுக்காது. மலையகப் பட்டியலில் 'தோட்டம்' அப்படிப்பட்ட சொல். எதைத் தேடினாலும் அதையும் சேர்த்துத் தட்டுகிற நம் ஆட்களுக்கு இது பெரிய உதவி.

தமிழுக்கு ஒரு வேலை முதலிலேயே செய்ய வேண்டும். யூனிகோட்61 என்ற சொல்பிரிப்பான், கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் இடைவெளியாக நினைக்கிறது. 'தேயிலை' அதற்கு த, ய, ல. 'தீயில்' என்பதும் த, ய, ல. தேயிலை வரலாறு தேடிய பிள்ளைக்குத் தாயில்லாப் பிள்ளையின் கதை வந்து நிற்கும். எழுத்து வகைகளோடு, இந்தக் குறிகளுக்கான யூனிகோட் வகைகளான எம்.என்., எம்.சி. இரண்டையும் சேர்த்து அட்டவணையைப் புதிதாகக் கட்டினால் சரி.

என் கடுப்பு வேறு. கிடைக்கும் பதிவுகளுக்கு பி.எம்.25 என்ற சூத்திரம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது. தலைப்பு, பொருள், குறிப்பு என்று பத்திக்குப் பத்தி எடை கொடுக்கலாம். அருமையான வசதி என்றுதான் நினைத்தேன். ஆனால் பதிவின் நீளத்துக்கு விழும் அபராதம் 0.75 என்று உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. மாற்ற வேண்டுமானால் சி மொழியில் சொந்தமாக ஒரு செயற்கூறு எழுத வேண்டும். நீளத்தையும் பத்தி பத்தியாகப் பார்க்காது, முழுப் பதிவையும் சேர்த்தே அளக்கும்.

விளைவைப் பாருங்கள். லயத்து வாழ்க்கை பற்றி ஒரு பெரியவர் சொன்னதை முழுதாகத் தட்டெழுதி ஏற்றியிருக்கிறோம், சராசரியைப் போல ஐந்து மடங்கு நீளம். தேடும் சொல் தலைப்பிலேயே இருக்கிறது, தலைப்புக்கு எடை 10. இன்னொன்று சராசரியில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள துண்டுக் குறிப்பு. அதே சொல் அதில் போகிற போக்கில் ஒரு தடவை வருகிறது, எடை 1. சொல்லின் அரிதுத்தன்மையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் மதிப்பெண் 1.49தான்! சரி, எடையை 100 ஆக்கலாமே என்றால், ஒரு சொல் எத்தனை தடவை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. சராசரி நீளப் பதிவில் 10க்கு 1.96, 100க்கு 2.17. பத்து மடங்கு கூட்டியதற்குக் கிடைத்தது இவ்வளவுதான். எடை போடும் வசதி கொடுத்துவிட்டு தராசை ஆணியடித்து வைத்த மாதிரி.

போன கிழமையும் அந்தப் பெரியவரின் பேச்சு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த எரிச்சலில் நண்பருக்கு "வேண்டாம், போடாதீங்க" என்று எழுதினேன். நான் மட்டும் இதை விடப்போவதில்லை, கரண்ட் இல்லாத மாலையில் வேறு எதை நம்புவது?

அப்படியும் போடுவதாக இருந்தால் நீளமான உரைகளைத் தனி அட்டவணையில் வையுங்கள். தலைப்பும் பொருளும் உள்ள அட்டவணையை முதலில் தேடி, அதில் கிடைப்பதை மேலே காட்டுங்கள். நான் இப்போது அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.