நாகர்கோவிலில் குழந்தையை ஐசியுவில் சேர்த்தவர்கள் தங்க ஒரு வீடு: எங்கள் அனுபவம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் குழந்தையை ஐசியுவில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கிறீர்கள் என்றால் வடசேரியில் லாட்ஜ் தேடி அலைய வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுக்கவும் வேண்டாம். பின்வாசல் வழியாக நடக்கிற தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, மேலே பிற்பாடு தகரக் கூரை போட்டுக் கட்டிய ஒரு ஹால். உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். பெயரையும் தெருவையும் வெளியில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் சீட்டு இல்லாமல் வாசலில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனசு வருவதில்லை, இடமோ கொஞ்சம்தான். வார்டு சிஸ்டரிடம் "கூட இருக்கிறவங்க தங்க சீட்டு வேணும்" என்று கேளுங்கள், எழுதித் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள், அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு ஜிபிஎஸ் என்று சொல்கிற கிலன் பாரே நோய். ஒரு சாதாரண காய்ச்சல் வந்து போனது, அப்புறம் படி ஏற முடியவில்லை என்றான், அடுத்து எழுந்து நிற்கவே முடியவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய் அது, காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சுத் தசை வரைக்கும் வந்தால் வென்டிலேட்டர்தான். இம்யூனோகுளோபுலின் மருந்தைக் குழந்தையின் எடையைக் கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், ஆனால் வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் என்று டாக்டர் சொன்னார். தேறிவிடுவான் என்ற வார்த்தையில்தான் நாங்கள் எல்லோரும் உயிர் பிழைத்தோம். ஆனால் அந்த வாரங்களை எங்கே இருந்து, எதைச் சாப்பிட்டு, எந்தக் காசில் கழிப்பது?

தங்கை வீடு குலசேகரம் பக்கம். மாப்பிள்ளை ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியலுக்கு முன்னால் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ராத்திரி நாகர்கோவிலில் இருந்தால் மறுநாள் வெட்டு போச்சு, வெட்டு போனால் கூலி போச்சு. மழைக்காலத்தில் வேலையே கிடையாது. இந்த நிலைமையில் தினமும் லாட்ஜ் வாடகைக்கு எங்கே போவது? ஐசியு உள்ளே அம்மாவை மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் விடுகிறார்கள். மற்ற நேரம் அவள் வாசல் படியில். போன் வந்துவிடுமோ என்ற பயத்தில் குளிக்கக்கூடப் போகவில்லை.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அவர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. பாய்களில் பெயின்டால் நம்பர் எழுதியிருக்கிறார்கள். வாசலில் ஒரு நீள நோட்டு, அதில் குழந்தை எந்த வார்டு, எந்தக் கட்டில், வீட்டார் எந்தப் பாயில், போன் நம்பர் என்ன என்று எழுதி வைக்கிறார்கள். வார்டிலும் அந்த வீட்டு நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி மருந்து வாங்கவோ, கையெழுத்துப் போடவோ, ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமென்றோ ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டால், வாட்ச்மேன் அண்ணாச்சி டார்ச்சோடு வந்து அந்தப் பாயில் படுத்திருப்பவரை மட்டும் தொட்டு எழுப்புவார். விளக்குப் போட மாட்டார், சத்தம் போட மாட்டார், மற்றவர்கள் தூக்கம் கெடாது. கேட் ராத்திரி முழுவதும் திறந்துதான் இருக்கும். அங்கே போன முதல் ராத்திரிதான் மாப்பிள்ளை கண் மூடித் தூங்கினார். நம்மை எழுப்ப ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

சமையல் பார்க்கும் அக்கா தங்கையிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மக்களே, போனை என் கையில தந்துட்டு நீ போய் நல்லா தலைக்கு ஊத்திக் குளி. அடிச்சா நான் கதவைத் தட்டுறேன்." எத்தனையோ பேர் வந்து ஜெபம் செய்தார்கள், திருநீறு பூசினார்கள், தைரியமாக இரு என்றார்கள். எல்லாம் நல்ல மனசில்தான். ஆனால் என் தங்கைக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு வாளி வெந்நீரும் போனைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும்தான்.

சாப்பாடு. அரிசி, பருப்பு, தேங்காய் வைத்திருக்கிறார்கள், நாமே சமைத்துக்கொள்ளலாம், முடியாதவர்களுக்கு மத்தியானம் சோறும் குழம்பும், ராத்திரி கஞ்சியும் பயறும் அக்கா வைத்துவிடுவார். மீனுக்குத் தடை இல்லை, முற்றத்து அடுப்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். குறும்பனையில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா சாளைப் புளிமுளம் வைத்து எல்லோருக்கும் ஊற்றினார், தங்கை வயிறாரச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டணம் கிடையாது, வாசலில் ஒரு உண்டியல் இருக்கிறது, யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பெரிய விஷயம், நோய் வந்த பிள்ளையின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளும் அங்கே நம்மோடு தங்கலாம். ஐசியு பக்கம் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், சரிதான், தொற்று பயம். ஆனால் வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளை என்ன நினைக்கும்? எங்கள் சின்னவள் அம்மாவைப் பார்க்காமல் சாப்பிடவே மறுத்தாள். இங்கே கூட்டிவந்த பிறகு அம்மா வரும் நேரம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணனுக்குப் படம் வரைந்து கொடுத்துவிடுவாள், சிஸ்டர்கள் அதைக் கட்டில் பக்கம் ஒட்டி வைத்தார்கள்.

ஹாலில் ஒரு போர்டு இருக்கிறது, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று, இவற்றோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள் என்பதைச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள், பலபேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். திருவனந்தபுரத்தில் ஆர்சிசி என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிற பிள்ளைகளுக்கான ரயில் சலுகையும் அதில் இருக்கிறது: புற்றுநோய்க்கு ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம்.

குறைகளும் உண்டு. குளியலறை போதாது, காலையில் வரிசை, அந்த நேரத்தில்தான் டாக்டர் ரவுண்ட்ஸ். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. தகரக் கூரை ஹாலில் பகலில் இருக்கவே முடியாது, ராத்திரி கொசு. காப்பீட்டு பேப்பர்களைப் பற்றி விளக்குகிற தம்பி மாலையோடு போய்விடுகிறார், ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, சனி ராத்திரி சேர்ந்தவர்கள் திங்கள் வரை திண்டாடுகிறார்கள். அப்புறம், அம்மாக்களோடு உட்கார்ந்து பேச அக்கா இருக்கிறார், மேலே ஆண்கள் ஹாலில் அப்படி யாரும் இல்லை. அப்பாக்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். இதை நான் அவர்களிடமே சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்கள்.

நாங்கள் இருந்தபோது ஒரு குடும்பம் பிள்ளையை இழந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு 155377-க்குப் போன் செய்து இலவச அமரர் ஊர்தியை வரவைத்தது, அவர்கள் சாமான்களைக் கட்டி வைத்தது, ஊர் வரைக்கும் ஒரு ஆள் கூடப் போனது எல்லாம் அந்த வீட்டுக்காரர்கள்தான். தகப்பன் எந்தக் காகிதத்துக்கும் அலைய வேண்டி வரவில்லை.

இது புது யோசனை இல்லை. 1974-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் தங்க முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் வீடு வந்ததற்குக் காரணமே லுக்கேமியா வந்த ஒரு சிறுமியும், ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்குகிற பெற்றோர்களைப் பார்த்த அவள் அப்பாவும்தான். மும்பையில் 2006 முதல் செயின்ட் ஜூட் மையங்கள் புற்றுநோய்க் குழந்தைகளைப் பெற்றோரோடு இலவசமாகத் தங்கவைக்கின்றன. நம்ம மாவட்டத்தில் பேச்சிப்பாறையில் இருந்தும் நீரோடியில் இருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் இப்படி ஒரு வீடு வேண்டும்.

பையன் இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறான். பிசியோதெரபிக்கு வரும் நாட்களில் பஸ்ஸில் வந்த அலுப்பு தீர அந்த வீட்டில் கொஞ்ச நேரம் படுக்க விடுகிறார்கள், அதற்குச் சீட்டும் கேட்பதில்லை.

உதவி செய்ய நினைப்பவர்களுக்கு: பிறந்தநாளுக்கு பிரியாணி பொட்டலம் நிறைய வருகிறது, ஒரே மத்தியானம் மூன்று பேர் கொண்டுவந்து மிஞ்சிப்போவதும் உண்டு. அங்கே எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது பெட்ஷீட், கொசுவலை, சலவை சோப்பு, நாப்கின், போன் சார்ஜர். மேல் ஹாலை ஒட்டி இன்னொரு குளியலறை கட்டப் பணம் சேர்க்கிறார்கள். கொத்தனார் வேலையோ பிளம்பிங்கோ தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன்.