மைக்ரோசிப்: ஊசி எளிது, பதிவில்தான் கவனம் தேவை

வளர்ப்பு நாய்களுக்கு, அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்த பிறகு, எங்கள் நாட்டு நாயை வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அரிசி மணியளவே உள்ள, சிப் அடங்கிய அந்தக் கண்ணாடிக் குப்பியை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி வழியாகச் செலுத்தியபோது, தடுப்பூசிக்கே ஊரைக் கூட்டும் எங்கள் நாய் ஒருமுறை முனகியதோடு சரி. மயக்க மருந்து தேவைப்படவில்லை. செலுத்துவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேனரை வைத்து 15 இலக்க எண்ணைச் சரிபார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால், எண்ணை எங்கே, யார் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்பதை நானாகக் கேட்கும்வரை எவரும் சொல்லவில்லை. பதிவுப் படிவத்தில் என் கைப்பேசி எண்ணையும் ஓரிலக்கம் பிழையாக எழுதியிருந்தார்கள். சிப்பில் மின்கலமும் இல்லை, இருப்பிடம் காட்டும் வசதியும் இல்லை. ஸ்கேனரின் ரேடியோ அலை படும்போது மட்டும் அது தன் எண்ணைச் சொல்லும், உரிமையாளரின் விவரமோ தரவுத்தளத்தில்தான் இருக்கும் என்பதால், அந்த ஓரிலக்கப் பிழை சிப்பையே வீணாக்கியிருக்கும். பிழையைச் சுட்டிக்காட்டியதும் உடனே திருத்தினார்கள். சிப் பொருத்தும் வேலைக்காக இம்மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; படிவத்தை மட்டும் நீங்களே படித்துப் பார்த்துவிடுங்கள். தெருவில் நாயைக் கண்டெடுப்பவரிடம் ஸ்கேனர் இருக்காது என்பதால், தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டையை நாங்கள் இன்னும் கழற்றவில்லை.