போர்ட் திறக்கக் காசு கேட்டால், கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கப் ‘போர்ட் ஃபார்வர்டிங் பண்ணணும் சார், 1,500 ஆகும்’ என்றார் கேமரா மாட்டிய கடைக்காரர். போர்ட் என்பது ரவுட்டரில் எண் போட்ட வாசல் மாதிரி; அதில் வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுவதுதான் ஃபார்வர்டிங். அவர் அனுப்பிய பையன் ரவுட்டருக்குள் போய் 8000, 554 என்ற இரண்டு போர்ட்டுகளையும் டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) பக்கம் திருப்பிவிட்டான். வீட்டு வைஃபையில் படம் பளிச்சென்று வந்தது. காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவில் திறந்தால் ஒன்றும் வரவில்லை. போன் செய்தால், ‘உங்க ரவுட்டர் பழசு சார்.’ புதியதையும் அவரே விற்றார், 2,800 ரூபாய்க்கு. அப்போதும் அதே கதைதான்.

அப்புறம் நானே ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். வேன் ஐபி, அதாவது இணைய நிறுவனம் நம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி, 100.72 என்று தொடங்கியது. கூகுளில் என் ஐபி என்னவென்று தேடினால் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை இணைய நிறுவனங்களின் உள்புழக்கத்துக்கென்று 2012இல் ஒதுக்கிய முகவரிகள். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் தட்டுப்பாட்டால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள், சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து வருவது அவர்கள் பெட்டியோடு நின்றுவிடும். நம் ரவுட்டர் வரை வந்தால்தானே அது திருப்பிவிட? வேன் ஐபி 10இல் தொடங்கினாலும் இதே நிலைமைதான். தினமும் இதே வேலை செய்கிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

கடைக்காரரைக் கேட்டதற்கு, ‘செட்டிங் பண்ணிக் குடுத்தாச்சு, மிச்சம் உங்க நெட்காரர் பிரச்சினை’ என்றார். நெட்காரரோ நமக்கென்றே மாறாத பொது முகவரி தரும் ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதாமாதம் தனியாகக் கட்டச் சொல்கிறார். சரி, அது அவர் நியாயம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. புது ரவுட்டரில் டிஎம்இசட் என்ற, எல்லாப் போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும் வசதியைப் போட்டு, டிவிஆரை அப்படியே முழுதாக வெளியே திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டு 12345! 2016இல் மிராய் என்ற வைரஸ் கூட்டம் கூட்டமாக டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது இப்படிப்பட்ட மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். பொது ஐபி மட்டும் இருந்திருந்தால் என் வீட்டு வரவேற்பறையை ஊரே பார்த்திருக்கும்.

இப்போது பாஸ்வேர்டை மாற்றி, டிஎம்இசட்டை அணைத்துவிட்டேன். டிவிஆர் மேல் ஒட்டியிருந்த கியூஆர் கோடை அதன் ஆப்பில் ஸ்கேன் செய்தேன். போர்ட் எதுவும் திறக்காமலே படம் வருகிறது, இலவசமாக. கடைக்காரர் ரவுட்டரைத் திருப்பி எடுக்க மறுக்கிறார். பில் கேட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்துக் கட்டச் சொல்கிறார். நீங்கள் யாரிடம் செய்தாலும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காசு அதற்கு அப்புறம்.