பழைய ஜப்பானிய கேம், புது விண்டோஸ்: எந்த வழியில் போவது?

2002இல் வந்த ‘டோஹோ கோமாக்யோ’, டோஹோ என்ற ஜப்பானிய ஷூட்டிங் கேம் வரிசையில் ஆறாவது கேம், விண்டோஸுக்கென்று வந்ததில் முதலாவது. ஆங்கில விண்டோஸில் அதை அப்படியே ஓட்டப் பார்த்தால் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். காரணம், அதன் தரவுக் கோப்புகளின் பெயர்கள் கஞ்ஜி எனப்படும் ஜப்பானியச் சித்திர எழுத்துகளில் இருக்கின்றன. கேம் அவற்றை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறிமுறையில் கேட்கிறது. விண்டோஸோ அதே பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டு, இல்லாத கோப்பைத் தேடுகிறது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் என்ன வரும் என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி உடனே புரியும்.

பலரும் முதலில் சொல்லும் வழி, சிஸ்டம் லோகேலை, அதாவது பழைய நிரல்களின் எழுத்துகளை எந்த மொழியாகப் படிப்பது என்ற விண்டோஸ் அமைப்பை, ஜப்பானியமாக மாற்றிவிடு என்பது. ரீஜன் அமைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்துக்குப் போய் மாற்றி, ஒரு ரீஸ்டார்ட் கொடுத்தால் முடிந்தது. இதைவிட உறுதியான வழி விண்டோஸுக்குள் இல்லை. ஆனால் ஒரு கேமுக்காக வீடு முழுக்க மொழி மாறுகிறது. யூனிகோடு அறியாத பழைய மென்பொருள் எல்லாமே அன்றிலிருந்து ஜப்பானியக் கணக்கில்தான் படிக்கும். கமாண்ட் பிராம்ப்டில் பின்சாய்வுக் கோடு யென் குறியாகிவிடும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறிமுறையான திஸ்கியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் அவையும் அலங்கோலமாகத் தெரியலாம். அதே பெட்டியில் யூனிகோடு குறிமுறையான யூடிஎஃப்-8ஐ எல்லாவற்றுக்கும் போடும் பீட்டா டிக் ஒன்று இருக்கிறது. அதைத் தெரியாமல் போட்டுவிட்டால் ஜப்பானியம் என்று தேர்ந்தெடுத்ததற்கே பலன் இருக்காது.

லோகேல் எமுலேட்டர் என்ற மென்பொருளோ, கணினியை ஜப்பானியம் என்று காட்டி அந்த ஒரு நிரலை மட்டும் ஏமாற்றுகிறது. வலது சொடுக்கு, ஜப்பானியம் என்று தேர்வு, அவ்வளவுதான்; ரீஸ்டார்ட் வேண்டாம். நேர மண்டலத்தையும் டோக்கியோ என்று காட்டும். அதைச் சரிபார்க்கும் விஷுவல் நாவல்கள் (படங்களோடு கதை வாசிக்கும் கேம்கள்) சில உண்டு என்பதால் இது சின்ன விஷயமில்லை. 32 பிட் நிரல்களுக்கு மட்டுமே வேலை செய்யும் என்பது குறைதான், ஆனால் நாம் பேசும் காலத்து கேம்கள் எல்லாம் 32 பிட் தானே. என் ஓட்டு இதற்கே. இதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட் தந்த எக்ஸ்பி காலத்து ஆப்லோகேலை இன்னும் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு பொறி உண்டு. நானே ஒரு மாலை முழுக்க லோகேல் எமுலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு ஜிப்பைப் பிரித்த இடத்தில் நடந்திருந்தது. ஜப்பானில் கட்டிய பழைய ஜிப்பில் பெயர்களும் ஷிஃப்ட்-ஜிஸ்தான். சாதாரணமாகப் பிரித்தால் கோப்பின் பெயரே வட்டில் சிதைந்துபோய் உட்கார்ந்துவிடும், அப்புறம் எந்த எமுலேட்டராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. 7-ஜிப்பில் குறியீட்டுப் பக்கம் 932 (ஷிஃப்ட்-ஜிஸுக்கு விண்டோஸ் வைத்த எண்) என்று சொல்லிப் பிரித்தால் பெயர்கள் ஒழுங்காக வரும்.

லினக்ஸ்காரர்களுக்கு விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் இருக்கிறது. ஜப்பானிய லோகேலை உருவாக்கி, அந்தச் சூழலில் வைனைத் தொடங்கினால் 932 தானாக வந்துவிடும். எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் வைனுக்கான துணைக் கருவியான வைன்ட்ரிக்ஸில் ஜப்பானிய எழுத்துருக்களைப் போட வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. தொண்ணூறுகளின் பல கேம்களில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. வைன் பெரும்பாலும் ஓட்டிவிடும். 16 பிட் நிரல்களை ஓட்டும் வைனின் பகுதியை விண்டோஸுக்கே கொண்டுவந்த வின்-விடிஎம் என்ற திட்டமும் இருக்கிறது.

இத்தனைக்கும் மசியாத கேமுக்கு 86பாக்ஸ் போன்ற முழுக் கணினி எமுலேட்டரில் ஜப்பானிய விண்டோஸ் 98ஐ நிறுவலாம். 256 வண்ணத் தகராறு, டைரக்ட்-டிரா என்ற பழைய வரைகலை முறையின் தகராறு எல்லாம் அதோடு தீரும். ஆனால் அதற்கு ஜப்பானிய 98இன் வட்டு வேண்டும், வேகமான சிபியு வேண்டும், பொறுமையும் வேண்டும். ஒரே ஒரு கேமுக்காக நான் இவ்வளவு தூரம் போக மாட்டேன்.

டோஹோவின் முதல் ஐந்து கேம்கள் என்இசி பிசி-98 என்ற ஜப்பானியக் கணினிக்கானவை. அவற்றுக்கு லோகேல் பேச்சே எழாது, அந்தக் கணினிக்கான எமுலேட்டர் நெக்கோ பிராஜெக்ட் போதும்.

கோமாக்யோ திறந்த பிறகும் காட்சி தறிகெட்டு ஓடினால் லோகேலைக் குறை சொல்லாதீர்கள். கேமின் வேகம் திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு கட்டுண்டது; 144 ஹெர்ட்ஸ் திரையை 60க்கு இறக்கிப் பாருங்கள்.