‘சர்வீஸ் செய்தது, சவுண்ட் வைத்தது’ என்று விற்கும் லிமா எஞ்சின்: பாடியைக் கழற்றிக் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள்

இணையத்தில் பழைய மாடல் ரயில் எஞ்சின் வாங்குகிறவர்கள், முக்கியமாகத் தென்னாப்பிரிக்க ரயில்வே வண்ணத்தில் வந்த, இத்தாலிய நிறுவனமான லிமாவின் எஞ்சின்களைத் தேடுகிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கௌடெங் மாகாணத்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து டர்பனுக்கு வந்த ஒரு 5ஈ மின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. விற்றவர் பெயரைப் போடவில்லை. இப்படி விற்பவர்கள் பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், செய்யும் வேலை மட்டும் மாறாது. அந்த வேலை எப்படி என்று தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

விளம்பரம் இப்படி இருந்தது: லிமா, எச்ஓ அளவு, 5ஈ, அசல் பெட்டியுடன், முழு சர்வீஸ் செய்தது, ஈஎஸ்யு சவுண்ட் டிகோடர் பொருத்தியது, 4,800 ராண்ட். (எச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு. டிகோடர் என்பது கட்டளையை வாங்கி எஞ்சினை இயக்கும் சின்ன சர்க்யூட், ஈஎஸ்யு அதைச் செய்யும் ஒரு நிறுவனம்.) கூடவே ஒரு சின்ன வீடியோ. வட்ட டிராக்கில் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஹார்ன் அடிக்கிறது, உள்ளே விசிறி இரைகிறது. பணம் வங்கிப் பரிமாற்றத்தில் மட்டும்தான், கார்டு கிடையாது.

வந்த எஞ்சின் சாதாரண டிசி கன்ட்ரோலரில் ஓடியது. டிசிசி டிராக்கில், அதாவது டிஜிட்டல் கட்டளையால் ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே ஓட்டும் டிராக்கில், வைத்ததும் புது டிகோடருக்கு வழக்கமாக இருக்கும் முகவரி 3-க்கு எந்தப் பதிலும் இல்லை. மோட்டார் ரீங்காரம் போட்டது, ஒரு நிமிடத்துக்குள் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. இந்த ரீங்காரம் முக்கியமான அடையாளம். டிசிசி டிராக்கில் ஓடுவது நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம். டிகோடர் நடுவில் இல்லாமல் அது நேராக மோட்டாருக்குப் போனால் மோட்டார் சுழலாது, நின்ற இடத்திலேயே அதிர்ந்து சூடாகும். அப்படிக் கேட்டால் உடனே டிராக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் சுருள் கருகிவிடும்.

பாடியின் பக்கவாட்டுக் கொக்கிகளை விரித்துக் கழற்றினால் உள்ளே டிகோடர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டி, சிவப்பு, கறுப்பு ஒயர்களைத் தண்டவாளத்திலிருந்து வரும் இணைப்பில் முறையாகப் பற்றவைத்திருக்கிறார்கள். மோட்டாருக்குப் போகவேண்டிய ஆரஞ்சு, சாம்பல் ஒயர்கள் இரண்டும் சூட்டில் சுருங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போகின்றன. குழாயை பிளேடால் கீறித் திறந்தால் இரண்டு ஒயரும் உள்ளேயே வெட்டி விடப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், அதன் ஒயர்களும் அதே குழாய்க்குள் அநாதையாக. டிகோடரைத் தனியே எடுத்து ஒரு சோதனை மோட்டாரோடு இணைத்து சிவி 8-ஐ, அதாவது டிகோடரில் தயாரிப்பாளர் எண் பதிந்திருக்கும் இடத்தை, படித்ததில் ஈஎஸ்யுவின் எண்ணான 151 வரவில்லை. அது சவுண்டே இல்லாத மலிவு டிகோடர். வீடியோவில் கேட்ட ஹார்ன் இந்த எஞ்சினிலிருந்து வந்திருக்கவே முடியாது.

சிவி 8 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மோசடியை வீட்டிலிருந்தபடியே பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. டிசிசி டிகோடர் ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் எண் சிவி 8-இல் இருக்கும்: ஈஎஸ்யு 151, சிமோ 145, லென்ஸ் 99, டிஜிட்ராக்ஸ் 129, சவுண்ட்ட்ராக்ஸ் 141, டிசிஎஸ் 153, ஹார்ன்பி 48. இதை விற்பவர் நினைத்தபடி மாற்றி எழுத முடியாது. பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் ரீசெட்தான் ஆகும், எண் அப்படியே இருக்கும். ஆகவே எஞ்சினை புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரைப் படிக்கவும் அமைக்கவும் தனியே வைத்த டிராக்) வைத்து, சிவி 8-ஐப் படித்து, திரையில் எண் வருவதையும் எஞ்சினையும் ஒரே வீடியோவில் வெட்டாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “படிக்க வரவில்லை, ஆனால் ஓடும்” என்று பதில் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். டிகோடர் பதில் சொல்வதே மோட்டாருக்கு ஒரு கணம் மின்சாரம் விட்டுத்தான், அந்தத் துடிப்பு 60 மில்லிஆம்பியராவது இருக்க வேண்டும். மோட்டார் இணைப்பே இல்லையென்றால் பதில் வராது. சில சவுண்ட் டிகோடர்கள் கப்பாசிட்டர் காரணமாக பலவீனமான புரோகிராமிங் டிராக்கில் படிக்க மறுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எது காரணம் என்று கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டியது விற்பவர் வேலை. 4,800 ராண்ட் கொடுப்பவர் அதை நம்பிக்கையில் விட வேண்டியதில்லை.

சத்தத்துக்கு இன்னொரு சோதனை. வீடியோ எடுக்கும் ஃபோனை ஒரே இடத்தில் வைத்துவிட்டு எஞ்சினை அதன் பக்கம் ஓடவிடச் சொல்லுங்கள். நெருங்க நெருங்க சத்தம் கூட வேண்டும், விலகினால் குறைய வேண்டும். நின்ற எஞ்சினில் ஹார்னை மட்டும் அழுத்தி, பிறகு சத்தத்தை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் வேறு எஞ்சினை மறைத்து வைத்திருந்தால் இங்கே தடுமாறும்.

டிகோடரை விடுங்கள், ‘முழு சர்வீஸ்’ என்று சொன்னார்களே, அதன் லட்சணம் மோட்டாரில் தெரிந்தது. லிமாவின் பழைய தட்டை மோட்டாரில் கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ் எனும் கார்பன் துண்டுகளிலிருந்து சுருளுக்கு மின்சாரம் வாங்கும் பாகம், ஒரு வட்டத் தட்டு, மூன்று செம்புத் துண்டுகள், நடுவில் மூன்று இடைவெளிகள். இந்த எஞ்சினில் அந்த இடைவெளிகளே தெரியவில்லை. பட்டறையில் துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெயை மோட்டாருக்குள் அடித்திருக்கிறார்கள். அது கார்பன் தூளோடு குழைந்து கறுப்புப் பசையாகி இடைவெளிகளை நிரப்பிவிட்டது. செம்புத் துண்டுகளுக்கு இடையே மின்சாரம் கசிகிறது, மோட்டார் வழக்கத்துக்கு மேல் இழுக்கிறது, சூடாகிறது. பிரஷ் இரண்டும் தேய்ந்து கட்டை. புதிது போடுவதற்குப் பதிலாக ஸ்பிரிங்கை இழுத்து நீட்டியிருக்கிறார்கள், அந்த அதிக அழுத்தத்தில் செம்புத் தட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பர் டயர்கள் எண்ணெயில் ஊறி உப்பி, சக்கரத்திலிருந்து கழல்கிற நிலை.

உண்மையான சர்வீஸ் என்றால் பிரஷ்ஷைக் கழற்றி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கம்யூட்டேட்டரைத் துடைப்பது. இடைவெளிகளைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும், ஊசி போட்டால் செம்பு கீறும். தண்டின் இரு முனைக்கும் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய் ஊசிமுனை அளவு, கியருக்குக் கொஞ்சம் கிரீஸ், கம்யூட்டேட்டருக்கு ஒரு சொட்டும் கூடாது. பிரஷ், ஸ்பிரிங், டயர் மூன்றும் தேய்ந்திருந்தால் புதிது. இவ்வளவும் செய்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார். மோட்டார் திறந்த படம் கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் அங்கேயே தெரிந்தது. இந்த வகை மோட்டாரில் ஒரு பிரஷ், சக்கரங்களைத் தாங்கும் போகியின் உலோகச் சட்டத்தோடு இணைந்தே தயாரிக்கப்பட்டது. டிசிசிக்கு மாற்றுவதில் முதல் வேலை அந்த இணைப்பை அறுத்து, இரண்டு பிரஷ்ஷையும் தனித்தனியாக்குவதுதான். அதை யாரும் தொடவில்லை. வாங்கிய பிறகு வெறுமனே டிகோடரை மட்டும் இணைத்திருந்தால் நல்ல டிகோடரும் எரிந்திருக்கும். எஞ்சின் கையில் இருந்தால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, டிகோடரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே பாருங்கள். சரியாக மாற்றிய எஞ்சினில் எங்கும் தொடர்பு காட்டக் கூடாது. எங்காவது காட்டினால் டிசிசி டிராக்கில் வைக்காதீர்கள்.

வெளித்தோற்றமும் ஒட்டுவேலைதான். கூரை மேல் மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் இரண்டில் ஒன்று வேறு தயாரிப்பு, சூப்பர் குளூ வைத்து ஒட்டியது. அந்தப் பசையின் ஆவி படிந்து ஓட்டுநர் அறைக் கண்ணாடி உள்பக்கம் வெள்ளை பூத்திருக்கிறது. எஞ்சின் எண் பிற்பாடு ஒட்டிய டெக்கல், அதாவது மெல்லிய படல ஸ்டிக்கர். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணைச் சுற்றிப் படலத்தின் விளிம்பு மின்னும், தொழிற்சாலை அச்சில் அப்படி வராது. ஒரு சக்கர அச்சு பயணிப் பெட்டியிலிருந்து எடுத்தது. ‘அசல்’ என்ற அட்டைப்பெட்டியும் பயணிப் பெட்டியினுடையதே, உள்தட்டை வெட்டி எஞ்சினுக்கு இடம் செய்திருக்கிறார்கள். காலமானவர்களின் சேகரிப்பை மொத்தமாக வாங்கி, செத்த மூன்று எஞ்சின்களிலிருந்து ஒன்றை உருவாக்குவது இவர்கள் வழக்கம். உதிரி எஞ்சின் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

இதற்கெல்லாம் நம்மிடம் விலை கிடைப்பதற்குக் காரணம் உண்டு. டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது அதே ஆண்டு நவம்பர் 16. நேட்டால் ரயில்வேயில் பாட்டன், பூட்டன் உழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வண்ணத்தில் ஓர் எஞ்சினைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பழையது என்பதாலேயே சந்தேகப்படாதீர்கள். டர்பன் கடற்காற்றில் திருகாணித் தலையில் துரு, சக்கரத்தில் கறுப்பு, பெட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் பிசுபிசுத்து வண்ணத்தில் ஒட்டியிருப்பது, இதெல்லாம் சாதாரணம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. மறைத்ததுதான் மோசடி.

இதே வட்டாரத்தில் கண்ணில் படும் வேறு சில பொறிகள். துத்தநாகக் கலவையில் வார்த்த சட்டம் சிலவற்றில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருக்கும். பல வருடம் கழித்து அது உள்ளிருந்தே வெடித்து உப்பும். மயிரிழை விரிசல், சாம்பல் நிறத் தூள், பாடி சட்டத்தில் சரியாக உட்காராமல் முனையில் தூக்கி நிற்பது ஆகியவை அடையாளம். இதற்கு மருந்தே இல்லை, வேறு சட்டம் கிடைத்தால்தான் உண்டு. எஞ்சின் மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று துள்ளினால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியர் பிளந்திருக்கிறது. வேகமாக ஓடும் வீடியோவில் இது தெரியாது, அதனால்தான் எல்லோரும் வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். ஊர்ந்து போகும் வேகத்தில், இரு திசையிலும் கேளுங்கள். மார்க்லினின் மூன்று தண்டவாள எஞ்சினை ‘எச்ஓ, நன்றாக ஓடும்’ என்று விற்பார்கள். அடியில் நீளமான தொடுதகடு இருந்தால் அதுதான். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடையே காப்பு இல்லாததால் நம் டிராக்கில் வைத்தவுடன் ஷார்ட் ஆகும்.

அளவு விஷயத்திலும் ஏமாற்றுவார்கள். நம் ரயில்வேயின் தண்டவாள அகலம் 1067 மி.மீ. அதை 16.5 மி.மீ. டிராக்கில் சரியாகக் காட்ட 1:64 அளவில் செய்த எஞ்சின்கள் உண்டு, அருமையான வேலைப்பாடுகள். ஆனால் அவற்றை எச்ஓ என்று சொல்லி விற்றால் டிராக்கில் ஓடும், உங்கள் 1:87 பெட்டிகளுக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாக நிற்கும். 5ஈ-யின் நிஜ நீளம் 15,494 மி.மீ. எச்ஓ-வில் சுமார் 178, 1:64-இல் சுமார் 242. ஸ்கேல் வைத்துப் படம் கேட்டால் போதும்.

பணம், சட்டம். வங்கிப் பரிமாற்றம் போனது போனதுதான், பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி திருப்பாது. கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற வழி உண்டு. இணையம் வழி கடைக்காரரிடம் வாங்கினால் 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது, பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். ஏலத்தில் எடுத்ததற்கு இது பொருந்தாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவு, குறைபாடுள்ள பொருளை 6 மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்ப உரிமை தருகிறது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, உள்ளது உள்ளபடி, என்று ரசீதில் போட்டுவிட்டால் வியாபாரி தப்பிவிட முடியாது. தனிநபர் தன் எஞ்சினை விற்கும்போது அது செல்லும், ஆனால் தெரிந்தே மறைத்திருந்தால் அவருக்கும் செல்லாது. கடைசி வழி சிறு உரிமை நீதிமன்றம்: 20,000 ராண்ட் வரை, வக்கீல் இல்லாமல். முதலில் 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். வழக்கு பொதுவாக விற்றவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியில்தான், ஆகவே வேறு மாகாணத்து ஆளிடம் வாங்கும்போது இதையும் யோசியுங்கள்.

இந்த எஞ்சின் விஷயத்தில், பிரித்த படங்களோடு 44-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு 7 நாளுக்குள் எழுதிய பிறகு பணம் திரும்பியது, இரு வழி கூரியர் செலவு போனது. எஞ்சின் அவரிடமே போய்விட்டதால் மறுபடி விளம்பரத்தில் வரும். அடையாளம் இவை: ஒரு முனையில் ஓட்டுநர் கண்ணாடி மட்டும் உள்ளே வெள்ளை பூத்தது, இரண்டு பான்டோகிராஃபும் ஒன்றுக்கொன்று வேறு சாம்பல் நிறம், மோட்டார் இல்லாத போகியில் ஓர் அச்சின் சக்கரங்கள் மற்றதைவிடப் பளபளப்பு, பெட்டியின் உள்தட்டில் கத்தியால் வெட்டிய செவ்வகம்.