ரப்பர் தடி ஏற்றுமதிக்கு விஸ்ப் எவ்வளவு உதவும்?

ரப்பர் தடியில், அதாவது ரப்பர் மரத்தை வெட்டி அறுத்த மரத்தில், செய்த கட்டிலும் மேசையும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களிடம் வாங்குபவர் இப்போது முதலில் கேட்பது தோட்டத்தின் ஜியோஜேசன் கோப்பு: தோட்டம் இருக்கும் இடத்தை அட்ச, தீர்க்கரேகைகளால் குறிக்கும் கணினிக் கோப்பு. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வரும் பொருளைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் (2023/1115) 2026 டிசம்பர் 30 முதல் அமலாகிறது. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 வரை அவகாசம் உண்டு என்பது சரிதான். ஆனால் பழைய மரச் சட்டத்தின் (995/2010) பட்டியலில் இருந்த பொருட்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. மர ஃபர்னிச்சர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இருமுறை தள்ளிப்போன தேதி இன்னொரு முறையும் தள்ளிப்போகும் என்று சும்மா இருப்பவர்களுக்கு ஒன்று: தடி வெட்டி லாரி ஏறிய பிறகு, அங்கே நின்றது பால் வெட்டிய பழைய ரப்பர்தான் என்று காட்ட மரம் இருக்காது.

விஸ்ப், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஓப்பன் ஃபோரிஸ் என்ற மென்பொருள் வரிசையில் வந்த இலவசக் கருவி. தோட்டத்தின் எல்லையைக் கொடுத்தால், கூகுளின் செயற்கைக்கோள் தரவு மேடையான எர்த் இன்ஜினில் உள்ள பல செயற்கைக்கோள் வரைபடங்களை அதன்மேல் போட்டுப் பார்க்கும். எந்த வரைபடம் எத்தனை ஹெக்டேரைக் காடு என்கிறது, எது ரப்பர் என்கிறது, 2020-க்குப் பின் மரம் போனதாக எது சொல்கிறது என்று வரி வரியாக அட்டவணை தரும். ஒரே வரைபடத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாததுதான் இதன் பலம்.

2025 மே மாதம் முதல் இந்தியா இச்சட்டத்தின் குறைந்த அபாய நாடுகள் பட்டியலில் இருக்கிறது. அதனால் இறக்குமதியாளர் அபாய மதிப்பீடு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. இட விவரம் உள்ளிட்ட தகவல்களைச் சேகரிக்கும் கடமை அப்படியே நிற்கிறது. கோப்பு கைக்கு வந்தால் அவர் எப்படியும் ஏதாவது ஒரு கருவியில் ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன் நாமே பார்த்துவிடுவதற்குத்தான் விஸ்ப்.

கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, கொடுக்கும் கோப்பில்தான். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரம் பக்கத்துத் தோட்டம் 77.3, 8.3 என்று வர வேண்டும். மாற்றி எழுதினால் புள்ளி ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும். கருவியும் முறைக்காமல் ‘மரமே இல்லை, அபாயம் குறைவு’ என்று சொல்லிவிடக்கூடும்! அந்தப் பச்சைப் பதிலோடு கோப்பை அனுப்பினால் திரும்பி வரும். எல்லைக்கோட்டின் கடைசிப் புள்ளி முதல் புள்ளியாகவே இருக்க வேண்டும். தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் என்பது சட்டம். எக்செல் வழியாகப் போனால் கடைசிப் பூஜ்யங்கள் காணாமல் போகும், அந்தக் கலத்தை எழுத்து வடிவத்தில் வையுங்கள்.

நான்கு ஹெக்டேருக்குள் இருந்தால் ஒரே புள்ளி போதும் என்கிறது சட்டம். விஸ்புக்கு அது போதாது. புள்ளி விழுந்த ஒரு கட்டத்தை (வரைபடத்தின் மிகச் சிறிய சதுரத்தை) மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும். தோட்டம் சிறியதானாலும் எல்லையைச் சுற்றி நடந்து, மூலைக்கு மூலை சற்று நின்று குறியுங்கள். ரப்பர் நிழலில் கைபேசி ஜிபிஎஸ் ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

அந்தப் பத்து மீட்டர் எங்கே உதைக்கும் என்று பாருங்கள். ஒரு ஏக்கர் என்றால் 0.405 ஹெக்டேர். பல வரைபடங்களின் கட்டம் 30 மீட்டர், அதாவது 0.09 ஹெக்டேர். பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டிய கட்டத்தில் பாதி நம் எல்லைக்குள் வந்தாலே, நம் ஒரு ஏக்கரில் 11 விழுக்காடு மரம் போனதாக ஆகிவிடும். கருவியின் வழக்கமான வரம்போ 10 விழுக்காடு. சின்னத் தோட்டம் சிவப்பாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்லைக்கோட்டை.

சிவப்பாக வருவதற்கு இரண்டாவது காரணம், மறுநடவு. பழைய ரப்பரைப் பல வரைபடங்கள் காடு என்றே எடுத்துக்கொள்கின்றன. 2022-இல் வெட்டிக் கன்று நட்டிருந்தால், 2020-க்குப் பின் காடு போனதாகத் தெரியும். சட்டப்படி இது காடழிப்பே இல்லை. ரப்பர் தோட்டம் வேளாண் தோட்டம்; காடு என்ற வரையறையிலிருந்தே அது விலக்கப்பட்டிருக்கிறது. விஸ்ப் தரும் ‘அபாயம் அதிகம்’, ‘கூடுதல் தகவல் தேவை’ இரண்டையும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நல்ல தோட்டக்காரரைக் கழித்துவிடாதீர்கள். அட்டவணையில் ரப்பர் வரைபடங்களுக்கான பத்தியைப் பாருங்கள். பிறகு 2020-க்கு முந்தைய படங்களைத் தேடுங்கள். டிசம்பர் கடைசிக்கும் பிப்ரவரிக்கும் இடையே எடுத்த படம் கிடைத்தால் நல்லது: ரப்பர் இலை உதிர்த்து வெளுத்து நிற்கும், பக்கத்து மலைக்காடு பச்சையாகவே இருக்கும். அதோடு நடவு ஆண்டு காட்டும் ஆவணம், வெட்டுவதற்கு முன் பால் வெட்டிய தழும்பு தெரிய எடுத்த புகைப்படம் இரண்டையும் வைத்தால் கேள்வி முடிந்துவிடும். அதே நிலத்தில் 2020 டிசம்பர் 31 அன்று இயற்கைக் காடு இருந்து, அதற்குப் பின் ரப்பர் வந்திருந்தால் எந்தப் படமும் காப்பாற்றாது. அந்தத் தடியை விட்டுவிடுங்கள்.

நிலம் யாருடையது, வெட்டியது முறையா என்பதெல்லாம் விஸ்ப் பார்க்கிற வேலையே இல்லை. பட்டா, புல எண், தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் (1949) பொருந்தும் நிலம் என்றால் வெட்டு அனுமதி, இவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். மரத்தின் அறிவியல் பெயரையும் கேட்பார்கள்: ஹீவியா பிரேசிலியென்சிஸ்.

எஃப்எஸ்சி சான்று (காடு முறையாகப் பராமரிக்கப்படுகிறது என்று காட்டும் தனியார் சான்று) இருக்கிறதே என்பார்கள். அது துணை ஆவணம் மட்டும். இட விவரத்துக்கு ஈடாகாது.

கருவி எட்டாத இன்னோர் இடம் மில் முற்றம். ரப்பர் தடியை வெட்டிய வேகத்தில் அறுத்து மருந்தேற்றாவிட்டால் நீலம் பாய்ந்துவிடும். அந்த அவசரத்தில் பத்துத் தோட்டத்துத் தடி ஒரே குவியலாகிறது. நல்ல தடியையும் மற்றதையும் கலந்துவிட்டு, அளவை மட்டும் கணக்கில் ஈடுகட்டும் வழி இச்சட்டத்தில் கிடையாது: குவியலில் ஒரு தோட்டம் தவறினால் அதிலிருந்து போன மொத்தச் சரக்கும் தவறியதுதான். முடிந்தால் லாரிக்கு ஒரு எண் கொடுத்து, போரான் தொட்டியிலும் சூளையிலும் அந்த எண் கலையாமல் கொண்டுபோங்கள். முடியாதென்றால் அன்று குவியலில் சேர்ந்த எல்லாத் தோட்டங்களையும் விஸ்பில் ஓட்டி, எல்லாவற்றையும் கோப்பில் காட்டுங்கள்.