ஈசியூ போச்சு, மேப் போகவில்லை: ஜே.சி. ரோட்டு சந்துக் கடை

வாட்டர் சர்வீஸுக்கு எதற்குக் காசு என்று பிரஷர் வாஷரை நானே சீட்டுக்கு அடியில் நீட்டியது என் தப்புதான். மறுநாள் காலையில் பெங்களூர் அல்சூரில் வீட்டு வாசலிலேயே பைக் நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பம்ப் சத்தம் கேட்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, புதுசு 24,000, வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதைவிட, புதுசில் கம்பெனி மேப்தான் இருக்கும், உங்கள் செட்டிங்கை மறந்துவிடுங்கள் என்று சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. சைலன்சர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, வண்டியை டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓட்டி இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றி இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து போட்ட மேப் அது, அதற்கு ஒரு காப்பிகூட என்னிடம் இல்லை.

இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பதைப் பார்த்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணைதான் மேப். காற்று அதிகம் இழுக்கும் என் வண்டிக்குக் கம்பெனி மேப் போட்டால் லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், ஓடி சூடேறும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் சரி செய்துகொள்ளாதா என்றால், நிதானமாகப் போகும்போது செய்யும், முழுசாக முறுக்கினால் அட்டவணை சொன்னதுதான்.

சரி, ஈசியூ ரிப்பேர் செய்யும் இந்த ஜே.சி. ரோட்டுக் கடை. கடைக்கார அண்ணன் தமிழ்க்காரர், பேச்சு குறைவு. பெட்டியைத் திறந்து உள்ளே ஊற்றியிருந்த ஜெல்லைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜெக்டரை ஓட்டுற ஐசி சிப்புதான் கருகியிருக்கு தம்பி, மூளை உயிரோடதான் இருக்கு" என்றார். மேசையிலேயே 12 வோல்ட் கொடுத்து உள்ளே இருந்ததை முழுசாக லேப்டாப்பில் இறக்கினார், அப்புறம் இன்னொரு தடவையும் இறக்கி இரண்டு ஃபைலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இறக்கியதை எழுத ஒரு செகண்ட் ஹேண்ட் ஈசியூவை வரவழைத்தார், முதலில் வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேலே பார்ட் நம்பர் ஒன்றுதான், உள்ளே சாஃப்ட்வேர் வெர்ஷன் வேறு. அதில் பழைய மேப்பை மட்டும் எழுதினால் அட்டவணை வேறு இடத்தில் போய் உட்காரும் என்றார். நாலு நாள் கழித்து எல்லாம் பொருந்துகிற ஒன்று வந்தது. பழையதில் இருந்ததை முழுசாக அப்படியே நகலெடுத்து (குளோன்) எழுதியதால், சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் கோடும் கூடவே வந்துவிட்டது, பழைய சாவியே வேலை செய்கிறது. ஐடிலிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ரீசெட் செய்து, தும்கூர் ரோட்டில் ஒரு நீள ஓட்டம் விட்டேன். வெடிப்பு இல்லை, பழைய இழுப்பு அப்படியே.

மொத்தம் 12,500. பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான், வாரண்டி வாய்ப்பேச்சு மட்டும், போன் எடுக்கவே மாட்டார். ஃபைலை நான் கேட்ட பிறகுதான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார், அதனால் நீங்களும் மறக்காமல் கேளுங்கள். சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, காலை 11 மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.